அறிவித்தவர் யார்? 1 கொரிந்தியர் 10:28-உம் அம்பத்தூர்ப் பட்டறைகளின் ஆயுத பூஜைப் பொரியும்

ஆயுத பூஜையில் படைத்த பொரியைக் கிறிஸ்தவத் தொழிலாளி வாங்க மறுப்பதற்கு ஆய்வுலகம் இதுவரை இரண்டு விளக்கங்களைத் தந்திருக்கிறது. பெந்தெகொஸ்தே மேடைகளிலிருந்து இறங்கிவந்த பேய்ப்பயம் என்பது ஒன்று. சாதி இந்துவின் சமையலறையிலிருந்து நழுவி வேதாகமத்துக்குள் குடியேறிய தீட்டு என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே இடத்தில் போய் முடிகின்றன: பவுல் கொரிந்து சபைக்கு எழுதியதை இந்தத் தொழிலாளர்கள் புரிந்துகொள்ளவில்லை, பவுல் குறிப்பிட்ட பலவீன மனச்சாட்சிக்காரர்களின் வரிசையில்தான் இவர்களுக்கும் இடம். இந்த முடிவு அவசரமானது என்பது என் எண்ணம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பட்டறைகளில் பழகிவரும் மறுப்பு 1 கொரிந்தியர் 10:28-ஐ ஒட்டிய ஒரு வாசிப்பு. அந்த வசனத்தில் விளக்கவுரையாளர்கள் நெடுங்காலமாகத் தடுமாறும் ஓரிடத்தை அது தெளிவாக்கவும் கூடும்.

முதலில் நடப்பு. 1964-இல் தொடங்கிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் சிறு பட்டறைகள் ஏராளம். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வேலை பாதியோடு நிற்கும். லேத்தும் ட்ரில்லிங் மெஷினும் மண்ணெண்ணெய் விட்டுத் துடைக்கப்படும், தரையில் படிந்த இரும்புச் சுருள் வாரப்படும், வாசலில் வாழைக்கன்று கட்டப்படும். இதுவரை கிறிஸ்தவரும் கூடவே நிற்பார். சொல்லப்போனால் மெஷினைக் கழுவித் துடைப்பதில் அவர்தான் முன்னால் இருப்பார். சந்தனமும் குங்குமமும் வரும்போது கொஞ்சம் விலகிக்கொள்வார். சாம்பிராணி போட்டு, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து முடிந்ததும் பொரி, பொட்டுக்கடலை, வாழைப்பழம் அடங்கிய பை ஒவ்வொருவர் கைக்கும் வரும். கூடவே ஸ்வீட் பாக்ஸ். அங்கே ஒரு கேள்வி எழும்: “இது படைச்சதா?” பல பட்டறைகளில் அந்தக் கேள்விக்கே வேலையில்லை. முதலாளியோ மேஸ்திரியோ முந்திக்கொண்டு, “இது சாமிகிட்ட வச்சது, உனக்குத் தனியா எடுத்து வச்சிருக்கேன்” என்று சொல்லிவிடுவார். ஸ்வீட் பாக்ஸ் கடையிலிருந்து நேராக வந்தது என்றால் அதில் சிக்கல் இல்லை.

1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்த ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை போன்ற பெரிய ஆலையில் பூஜை நேரத்தில் வேறு பக்கம் போய்விடலாம், யாரும் கவனிக்க மாட்டார்கள். பத்துப் பேர் நிற்கும் ஷெட்டில் அது முடியாது. கை நீட்டுவதும் நீட்டாததும் எல்லார் கண்ணெதிரே நடக்கும். கொரிந்துக் கடிதம் பேசும் பந்தியும் இப்படி ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும் பந்திதான்.

பவுல் மூன்று வகை உண்ணலைப் பிரித்துப் பேசுகிறார். கோயில் வளாகத்திலேயே பந்தியமர்வது முதலாவது (8:10, 10:14–22). கொரிந்தின் அஸ்கிலேபியஸ் கோயிலை ஒட்டி அகழ்ந்தெடுத்த உணவறைகளும், எகிப்தியப் பாப்பிரசுகளில் கிடைத்த சராப்பிஸ் பந்திக்கான அழைப்புகளும் இப்படிப்பட்ட விருந்துகள் எவ்வளவு சாதாரணமாக இருந்தன என்று காட்டுகின்றன. சந்தையில் விற்பதை வாங்கி உண்பது இரண்டாவது. அங்கே விசாரணை வேண்டாம் என்கிறார். புறச்சமயத்தவர் வீட்டு விருந்து மூன்றாவது. அங்கும் கேட்காமல் சாப்பிடலாம். ஆனால் ஒருவர், இது படையல் என்று சொல்லிவிட்டால், சொன்னவருக்காகவும் மனச்சாட்சிக்காகவும் உண்ணக்கூடாது. அடுத்த வசனத்திலேயே, நான் பேசுவது உன் மனச்சாட்சியைப் பற்றி அல்ல, மற்றவருடையதைப் பற்றி என்று தெளிவுபடுத்துகிறார்.

தொழிலாளியைப் பலவீனர் என்று வகைப்படுத்துகிறவர்கள் எட்டாம் அதிகாரத்தை மறுபடி ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். அங்கே பலவீனர் மறுக்கிறவர் அல்லர், உண்கிறவர். அறிவுள்ளவன் கோயிலில் பந்தியிருப்பதைக் கண்டு துணிச்சல் பெற்று, உள்ளம் ஒப்பாமலே கைவைத்து அதனால் கெடுகிறவர் அவர். உண்ணாதவரைப் பலவீனர் என்பது ரோமர் 14-இன் வழக்கு. இரண்டையும் கலந்து ஒரே ஆளைச் செய்து, அந்த ஆளை அம்பத்தூரில் தேடியிருக்கிறார்கள்.

இனி கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். தமிழ்ப் புராட்டஸ்தாந்தர் பலர் இன்றும் கையில் வைத்திருப்பது ஹென்றி பவர் தலைமையிலான குழு முடித்து 1871-இல் வெளிவந்த திருப்புதல். அதில் 10:26-இல் வரும் சங்கீதக் கூற்று, அதாவது மண்ணும் அதில் நிறைந்திருப்பதும் ஆண்டவருக்கே உரியவை என்ற சங்கீதம் 24:1-இன் கருத்து, 10:28-இன் இறுதியில் மறுபடி வருகிறது. சினாய், வத்திக்கான், அலெக்சாந்திரியச் சுவடிகளில் இந்த இரண்டாம் வருகை இல்லை. பிற்காலப் பைசாந்தியச் சுவடிகளில் உண்டு. அவற்றின் வழிவந்த அச்சுப் பாடத்தை அடியொற்றியதால் தமிழுக்கும் அது வந்து சேர்ந்தது. 1995-இன் திருவிவிலியம் பொதுமொழிபெயர்ப்பில் அதைக் காணமுடியாது. இரண்டு வசனம் முன்னால் எழுதியதை ஒரு படியெடுப்பாளர் இங்கும் எழுதிவிட்டார் என்பது பாடத்திறனாய்வின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பில் எனக்கு மாறுபாடு இல்லை. பவுலின் கையெழுத்தில் அது இருந்திருக்க வாய்ப்புக் குறைவு.

மாறுபாடு அதற்கு அடுத்த படியில்தான். பவுல் எழுதாதது என்பதாலேயே அது பொருளற்றது என்று ஒதுக்கி, தமிழ் வாசகர் எந்த நூலைப் படிக்கிறார் என்று பாராமலே அவருடைய மறுப்புக்குக் காரணம் தேடியதைத்தான் ஏற்க முடியவில்லை. இரண்டு இடத்திலும் அந்தக் கூற்று நிற்கும்போது வாதத்தின் வடிவமே மாறிவிடுகிறது. எல்லாம் ஆண்டவருடையது, ஆகவே சாப்பிடு என்கிறது 26. எல்லாம் ஆண்டவருடையது, ஆகவே விட்டுவிடு என்கிறது 28. ஒரே அடிப்படையிலிருந்து எதிரெதிரான இரண்டு செயல்கள். இது பிற்காலத்தில் வந்த நான் சொல்லிக்கட்டும் பொருள் அன்று. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோக்கியாவில் இக்கடிதத்துக்கு உரை நிகழ்த்திய யோவான் கிறிசோஸ்தோம் இந்த நீண்ட பாடத்தையே வைத்திருந்தார். உண்ணச் சொல்லும்போதும் விலகச் சொல்லும்போதும் பவுல் ஒரே சான்றையே முன்வைப்பதைக் கவனியுங்கள் என்று அவர் கேட்போரிடம் சொல்கிறார். உணவு வேறொருவருக்குச் சொந்தமாகிவிட்டது என்பதால் விலகச் சொல்லவில்லை, மனச்சாட்சிக்காகவே சொல்கிறார் என்றும் விளக்குகிறார்.

இதைப் பட்டறைக்குக் கொண்டுவருவோம். பேய்ப்பயக் கோட்பாட்டின்படி, படைத்த பொரி வேறொரு சக்தியின் உடைமையாகிவிட்டது, அதனால் தொடக்கூடாது. நீண்ட பாடம் அந்த உடைமை மாற்றத்தையே மறுக்கிறது. சாமி படத்தின் முன் வைத்த பிறகும் பொரி ஆண்டவருடையதுதான். விடுவது வேறு காரணத்துக்காக. இந்த வாதத்தைக் கிரேக்கச் சுவடி தெரிந்தவர் மட்டுமே சொல்ல முடியும் என்று நினைக்க வேண்டாம். “பொரியில ஒண்ணும் இல்ல, அதுவும் கர்த்தர் குடுத்ததுதான், ஆனா படைச்சதுன்னு தெரிஞ்சப்புறம் எடுக்கக் கூடாது” என்ற வகைப் பேச்சு இந்தப் பகுதிச் சபைகளில் அரிதன்று. பயத்தின் மொழி இப்படி இருக்காது. எடுக்காத பொரியைப் பக்கத்து மெஷின்காரரிடம் கையாலேயே கொடுத்துவிட்டுப் போகிறவரைத் தீட்டுக் கோட்பாட்டாலும் விளக்க முடியாது. தீட்டு என்றால் தொட்டதே குற்றம்.

பயம் அறவே இல்லை என்று நான் வாதிடவில்லை. 10:20-ஐ எடுத்துக்கொண்டு, படையலில் பிசாசு ஏறியிருக்கிறது என்று முழங்கும் பிரசங்கங்கள் உண்டு. அதைக் கேட்டு நடுங்குகிறவர்களும் உண்டு. ஆனால் அந்த வசனத்தின் இலக்குக் கோயில் பந்தி; இரண்டு மேசைகளில் ஒருவர் ஒரே வேளையில் பங்குகொள்ள முடியாது என்பதே அங்கே வாதம். அதை வீட்டு விருந்துக்கும் பொரிப் பைக்கும் இழுத்துவருவது பிரசங்கியாரின் வேலை. எந்த வாசிப்பு எத்தனை பேரிடம் இருக்கிறது என்று கணக்கெடுப்பது இந்தக் கட்டுரையின் நோக்கம் அன்று. மறுப்பை முழுவதுமாகப் பயத்தில் அடக்கிவிட முடியாது என்பது போதும்.

அடுத்தது அறிவித்தவர் யார் என்ற பழைய புதிர். விருந்தில் இது படையல் என்று சொல்கிறவர் சக கிறிஸ்தவரா, விருந்தளிப்பவரா, உடன் அமர்ந்திருக்கும் புறச்சமயத்தாரா? அவர் பலவீனமான சக கிறிஸ்தவர் என்பது ஒரு பெரும் அணியின் முடிவு. அவர்கள் சொல்லும் காரணம் ஒன்றே: புறச்சமயத்தாருக்கு இதில் என்ன மனச்சாட்சிப் பிரச்சினை வந்துவிடும், கிறிஸ்தவர் உண்டால் அவர் மகிழத்தானே செய்வார்? இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் பல சமயத்தார் ஒன்றாக நின்று உண்ணும் இடத்தில் வேலை பார்த்திராதவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அம்பத்தூர் ஷெட்டில் அறிவிப்பவர் யார் என்பதில் ஐயமில்லை. அவர் இந்து, பெரும்பாலும் வயதிலோ பதவியிலோ மூத்தவர், சிக்கவைக்க அல்லாமல் மரியாதையால் சொல்கிறவர். கிறிஸ்தவரின் வழக்கம் இன்னது என்று அவருக்கு முன்பே தெரியும். அந்த வழக்கத்துக்கு இடம்விட்டு, தன் பூஜையையும் குறைக்காமல், தனிப் பை ஒன்றை எடுத்து வைத்திருக்கிறார். அவர் சொன்ன பிறகு, “பரவாயில்ல அண்ணே, எல்லாம் ஒண்ணுதான்” என்று கிறிஸ்தவர் படைத்த பையையே வாங்கினால் அவர் மகிழ்வாரா? சிலர் மகிழலாம். ஆனால் அப்படி வாங்குவதில் இரண்டு அறிவிப்புகள் அடங்கியிருக்கின்றன: உன் படையல் வெறும் பொரிதான், என் விலகலும் வெறும் பேச்சுதான். தனக்குப் புனிதமானதை அவர் புனிதம் என்று சொல்லிக் கொடுத்தார். வாங்கியவர் அதைப் புனிதமற்றது என்று தின்றார். மற்றவருடைய மனச்சாட்சி என்று பவுல் எழுதியது இந்த இடத்தில் பொருந்துகிறது. புறச்சமயத்தாருக்கு மனச்சாட்சிப் பிரச்சினை எப்படி வரும் என்ற கேள்விக்கு இது போதிய விடை என்று கருதுகிறேன். கொரிந்தில் இப்படியே நடந்தது என்பதை மெய்ப்பிக்க வழியில்லை. இப்படி நடக்க முடியாது என்று சொன்னவர்களுக்குத்தான் இது மறுப்பு.

சாதியைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. சாதியை விட்டாரா என்பதை ஒருவர் யார் சமைத்ததை உண்கிறார் என்பதைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்று 1850-இல் சென்னை மிஷனெரி மாநாடு முடிவெடுத்தது. லைப்சிக் லுத்தரன் மிஷன் அதிலிருந்து விலகி நின்றது. அன்று விசுவாசத்தின் அடையாளம் உண்பது. இன்று இந்தப் புறநகர்களில் அது உண்ணாமை. மரபு தலைகீழாகிவிட்டது என்று சிலர் இதைக் கண்டிக்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. தலைமுறை தலைமுறையாக, உன் கையால் வேண்டாம் என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இந்தப் பட்டறைகளில் நிற்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர்கள் கைக்கு வந்திருப்பது சிறிய செய்தி அன்று. அதிலும் அவர்கள் அதைச் சொல்லும் முறையைக் கவனிக்க வேண்டும்: கொடுப்பவரின் கையை அவர்கள் மறுப்பதில்லை. அதே கை தனியாக எடுத்துத் தரும் பையை வாங்கிக்கொள்கிறார்கள். மறுப்பு விழுவது படையல் மேல். ஆள் மேல் அன்று. 1850-இன் சோதனை எதைத் தேடியதோ அது இங்கே வேறு வழியில் நிறைவேறியிருக்கிறது.

இந்த மறுப்பு சமூக நல்லிணக்கத்தைக் கெடுக்கிறது என்ற குற்றச்சாட்டைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. தனிப் பை எடுத்து வைக்கும் மேஸ்திரிக்கு இல்லாத கவலை அது. தானியேலின் காய்கறி உணவை இதற்கு முன்மாதிரியாகக் காட்டுவதும் பொருந்தாது. அது அரண்மனைச் சாப்பாட்டைப் பற்றியது, அங்கே அறிவித்தவர் என்று ஒருவரே இல்லை. கற்பூரத் தட்டைப் பிடிக்கச் சொல்லும்போது என்ன செய்வது என்பது மட்டும் உண்மையான சிக்கல். 2 இராஜாக்கள் 5-இல் நாகமான், எஜமான் தன் கையில் சாய்ந்து ரிம்மோன் கோயிலில் பணியும்போது தானும் குனிய வேண்டிவரும் என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கிறான். எலிசா அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை; சமாதானத்தோடே போகச் சொல்லி அனுப்புகிறார். கி.பி. 200-ஐ ஒட்டி எழுதிய தெர்த்துல்லியன் இவ்வளவு தாராளம் காட்டவில்லை. குடும்பச் சடங்குக்கு விருந்தினனாகப் போகலாம், பலியிடுவதற்கென்றே அழைத்தால் போகக்கூடாது என்று அவர் கோடு கிழிக்கிறார். மெஷினைத் துடைக்கலாம், குங்குமம் வைக்க முடியாது என்ற பட்டறைக் கோடு தெர்த்துல்லியனுக்கு நெருக்கமானது. தட்டு அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறது.

என் வாதம் நிற்காத ஓரிடத்தையும் காட்டிவிட வேண்டும். பட்டறை முதலாளி கிறிஸ்தவராக இருந்தால் அன்று போதகர் வந்து ஜெபித்துப் போவார், எல்லாருக்கும் இனிப்புக் கிடைக்கும். இந்துத் தொழிலாளி தன் லேத்தின் ஓரத்தில் யாரும் சொல்லாமலே ஒரு பொட்டுக் குங்குமம் வைத்திருப்பார். முதலாளி அதைப் பார்த்தும் பாராததுபோல் போவார். இனிப்பைக் கொடுக்கும்போது, இது ஜெபித்துக் கொடுத்தது என்று யாராவது அறிவித்தாலும் அந்தத் தொழிலாளி தயங்காமல் வாங்கி வாயில் போட்டுக்கொள்வார். அறிவிப்பு ஒரு திசையில் மட்டுமே கனக்கிறது. கொரிந்துக் கடிதம் விருந்தாளிக்கு எழுதப்பட்டது. விருந்தளிப்பவர் கிறிஸ்தவராகி, உண்பவர் வேறு சமயத்தவராக இருக்கும் பந்தியை அது எண்ணிப் பார்க்கவில்லை. லேத்தின் மேல் இருக்கும் அந்தப் பொட்டை அழிக்கச் சொல்வதா விட்டுவிடுவதா என்று கேட்கும் முதலாளிக்கு 10:28 விடை தராது. அதற்கு வேறு பகுதியைத்தான் தேட வேண்டும். ரோமர் 14-இல் தேடுகிறவர்கள், அங்கே பலவீனர் யார் என்பதை மறுபடி முதலிலிருந்து கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.