எலும்பின் இரண்டாம் பயணம்

மாட்டுப்பட்டியிலிருந்து மூணாறுக்கு இறங்கினால், சிஎஸ்ஐ கிறிஸ்து ஆலயத்துக்குப் பின்னால் ஏறும் மேட்டில் எலனர் இசபெல் மேயின் கல்லறை இருக்கிறது. தோட்ட அதிகாரி ஒருவரின் இளம் மனைவி. 1894 டிசம்பரில் காலரா அவரைக் கொண்டுபோனது. அன்று அந்த மேட்டில் ஆலயம் இல்லை. கல்லறைதான் முதலில் வந்தது. ஆலயத்துக்கு அடிக்கல் விழுந்தது 1910இல்.

அப்படி ஓரிடத்தில் நிலையாகக் கிடக்கும் கொடுப்பினை கேரளத்துக் கிறிஸ்தவர் எல்லாருடைய எலும்புக்கும் இல்லை. காசுள்ள குடும்பம் ஆலயத்துக்குப் பணம் கட்டிக் குடும்பக் கல்லறை வாங்கிக்கொள்ளும். மற்றவர்களுக்குப் பொதுக்குழி. மரப்பெட்டியோடு இறக்கி, மண் தள்ளி, சிலுவை நட்டு, சில ஆண்டுகள் விட்டுவைப்பார்கள். மண்ணும் ஈரமும் சதையையும் மரத்தையும் தின்றுவிடும். நைலான் துணியும் பிளாஸ்டிக் பூவும் மட்டும் அசையாது. குழி வெட்டுகிறவருக்கு அவைதான் பெரிய இடைஞ்சல். பிறகு அதே இடம் இன்னொருவருக்கு வேண்டியிருக்கும். மண்வெட்டி மறுபடி இறங்கும்போது மேலே வரும் எலும்புகளைப் பொறுக்கி, கல்லறைத் தோட்டத்து மூலையில் இருக்கும் அஸ்திக்குழியில் போடுவார்கள். அங்கே அப்பன், பிள்ளை, அயலார் என்ற பிரிவு கிடையாது. சிலுவையில் எழுதிய பெயரும் கூடப் போவதில்லை.

இதை மரியாதைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. பாரீஸ் நகரமே 1786 முதல் தன் பழைய இடுகாடுகளைக் காலிசெய்து, எலும்புகளை வண்டியேற்றி நிலத்தடிச் சுரங்கங்களில் அடுக்கியது. கொச்சியில் 1524இல் புதைத்த வாஸ்கோட காமாவையும் 1539இல் தோண்டிப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோனார்கள். அவருடைய எலும்பு பெயரோடு கப்பலேறியது. ஏழையின் எலும்பு பெயரில்லாமல் மூலைக்கு நகர்கிறது. என்னை வருத்துவது அந்த வேறுபாடுதான்.

மூதாதையர் கிடக்கும் குழிக்காகக் கேரளத்தில் சட்டமே வந்தது. ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயா சபைகளின் ஆலய உரிமை வழக்கில் பிணங்கள் வாசலில் காத்துக்கிடந்த பிறகு, ஆலயம் யார் கையில் இருந்தாலும் குடும்பக் கல்லறையில் அடக்கம்செய்யும் உரிமையை 2020இல் சட்டமன்றம் உறுதிசெய்தது. அதே ஆண்டு ஜூலையில் ஆலப்புழை லத்தீன் மறைமாவட்டம் கொரோனாவில் இறந்தவர்களைக் கல்லறைத் தோட்டத்திலேயே எரித்து, சாம்பலைப் புதைக்க இசைந்தது. கடலோர மண்ணில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். கொரோனா விதி கேட்ட ஆழத்துக்குக் குழி இறங்காது. எலும்பின் நெடும்பயணம் அங்கே ஒரே நாளில் முடிந்தது.

எங்கள் மூணாறு மலையில் கதை வேறு. மாட்டுப்பட்டியோ பெட்டிமுடியோ, தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு லயத்து வீடு வேலை இருக்கும்வரைதான். ஓய்வுபெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டுத் தமிழ்நாட்டுக்கு இறங்க வேண்டும். தலைமுறைகளாகக் கொழுந்து பறித்தும் ஒரு சென்ட் பட்டா இல்லாத குடும்பங்கள் இங்கே எத்தனையோ. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். நால்வரின் உடல் கிடைக்கவேயில்லை. பலருக்குத் தமிழ்நாட்டின் கயத்தாறு பூர்வீகம். ஆனாலும் மழையிலும் உடைந்த சாலையிலும் உடல்களை அவ்வளவு தூரம் கொண்டுபோக வழியில்லை. பக்கத்து ராஜமலையில் எந்திரம் வெட்டிய நீளக்குழியில் வரிசையாக இறக்கினார்கள். கணவன், மனைவி, பிள்ளைகள் என்று ஒரே வீட்டுக்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில்.

உயிரோடு இருந்தபோது கிடைக்காத மண் அவர்களுக்கு அப்படித்தான் கிடைத்தது, அதுவும் எஸ்டேட் நிலத்தில். அஸ்திக்குழி வழக்கம் ராஜமலைக்கு ஒருநாளும் வரக் கூடாது. இன்னும் ஐம்பது ஆண்டில் எஸ்டேட் யார் கைக்கு மாறினாலும் அந்தக் குழியை யாரும் தோண்டாதபடி, அந்த இடத்தை இடுகாடாக அரசு தன் நிலப்பதிவேட்டில் ஏற்ற வேண்டும். 70 பெயர்களையும், உடல் கிடைக்காத நால்வரையும் சேர்த்து, அங்கே எழுதிவைக்க வேண்டும்.