ஆழமில்லாத கடலுக்கு ஒரு காவல்

கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690இல் ஆங்கிலக் கம்பெனி மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. நிலத்துக்கு எல்லைக்கல் நடவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுடுவது, குண்டு எட்டும் தூரத்துக்குள் இருக்கும் ஊர்களெல்லாம் கம்பெனிக்கு என்பதுதான் பேச்சு. அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்றே பெயர் வந்தது. இதே கணக்கைச் சில ஆண்டுகளில் ஐரோப்பியர்கள் கடலுக்கும் போட்டார்கள். கரையிலிருக்கும் பீரங்கி எட்டும் தூரம் வரைதான் ஒரு நாட்டுக்குக் கடல் சொந்தம் என்று டச்சுச் சட்ட அறிஞர் பிங்கர்ஷோக் எழுதினார். பின்னால் அது மூன்று கடல் மைல் என்று நிலைத்தது. இந்தியா அதை 1956இல் ஆறாகவும், 1967இல் பன்னிரண்டாகவும் நீட்டியது. இன்றைக்கு நம் கரையிலிருந்து சுமார் 22 கிலோமீட்டர் தூரத்துக்கு நாட்டின் சட்டம் முழுதாகச் செல்லும்.

கோடு போட்டாகிவிட்டது. அந்தக் கோட்டுக்குள் யார் காவல் நிற்பது? இதற்குப் பதில் கிடைக்கத் தமிழ்நாட்டுக்கு 1994 வரை ஆயிற்று. அந்த ஆண்டு தமிழ்நாடு காவல்துறையில் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் என்ற பிரிவு பிறந்தது. மீனவர் வாயில் அது ‘மரைன் போலீஸ்’.

தாமதத்துக்குக் காரணம் அந்தத் தண்ணீரிலேயே இருக்கிறது. கடலூர் மாவட்டத்துக் கரையை வடக்கிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தால் தென்பெண்ணை, கெடிலம், உப்பனாறு, பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு, தென்கோடியில் கொள்ளிடம் என்று வரிசையாக முகத்துவாரங்கள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் பிச்சாவரம். சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் சுரபுன்னையும் வெண்கண்டலும் தில்லையும் வேர்விட்டு நிற்க, ஊடே நூற்றுக்கணக்கான வாய்க்கால்கள் ஓடுகின்றன. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம் இந்தச் சேற்றுக்காட்டு மரம்தான். மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் முகத்துவாரத்தை உடைத்துவிடும். கோடையில் அலை மணலைக் கொட்டித் தூர்த்துவிடும். போன ஆண்டு படகு போன வழி இந்த ஆண்டு திட்டாக நிற்கும். கப்பல் வர ஆழம் இல்லை, ஜீப் போக நிலம் இல்லை.

கப்பலை நம்பி வந்தவர்கள் இந்தக் கரையில் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1749இல் கொள்ளிட முகத்திலிருந்த தேவிக்கோட்டையைப் பிடிக்க ஆங்கிலேயர் கிளம்பினார்கள். ஏப்ரலில் அடித்த புயலில் அட்மிரல் பாஸ்கவனின் கொடிக்கப்பலான ‘நாமூர்’ தேவனாம்பட்டினக் கோட்டைக்கு அருகே மூழ்கியது. 500க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ‘பெம்புரோக்’ என்ற இன்னொரு போர்க்கப்பலும் போயிற்று. சில வாரங்கள் கழித்து மறுபடி வந்தபோது ஆற்றைக் கடப்பதே பெரும்பாடாக இருந்தது. வழி சொன்னவர் தளபதி அல்லர், ஜான் மூர் என்ற கப்பல் தச்சர். வீரர்களை ஏற்றிச் செல்லப் பெரிய மிதவை ஒன்றைச் செய்தார். இரவில் நீந்திப் போய் எதிர்க்கரையில் ஒரு மரத்தின் வேரில் கயிற்றைக் கட்டிவிட்டு வந்தார். கயிற்றைப் பிடித்து இழுத்தே படை அக்கரை சேர்ந்தது.

1783 ஜூன் 20ஆம் தேதி கடலூருக்கு எதிரே பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானின் 15 பெரிய போர்க்கப்பல்களும் ஆங்கிலேயர் ஹியூஸின் 18 கப்பல்களும் மோதின. ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். பத்து நாளைக்குள், ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி வந்து சண்டை நின்றது. அத்தனை கப்பல்களும் ஆழத்தில் நின்றுதான் சண்டையிட்டன. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்க இந்தக் கரையின் மசூலாப் படகும் கட்டுமரமும்தான் வேண்டியிருந்தன. பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலா, அலை மோதினால் வளைந்து கொடுக்கும், உடையாது. ஆங்கிலேயரானாலும் பிரெஞ்சுக்காரரானாலும் கரையை ஒட்டிய அந்தச் சில மைல்களில் பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தாரின் கைத்திறனை நம்பித்தான் ஆக வேண்டும். பின்னாளிலும் கடலூர்த் துறைமுகத்தில் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, தோணிகள்தான் சரக்கைச் சுமந்தன.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியக் கடற்படைக்குப் போர்க்கப்பல் இருந்தது. கரையில் சுங்கத்துறை இருந்தது. நடுவில் தங்கமும் துணியும் மின்பொருளும் கள்ளத்தனமாக இறங்கிக்கொண்டிருந்தன. போர்க்கப்பலை வைத்துக் கள்ளத்தோணி பிடிப்பது செலவுக்கும் கட்டாது, வேலைக்கும் ஆகாது. கே.எஃப். ருஸ்தம்ஜி தலைமையிலான குழு தனிப் படை வேண்டும் என்றது. 1977 பிப்ரவரி 1ஆம் தேதி இந்தியக் கடலோரக் காவல்படை தொடங்கியது. கைவசம் இருந்தவை கடற்படை கொடுத்த இரண்டு ஃப்ரிகேட்டுகளும் ஐந்து ரோந்துப் படகுகளும். 1978இல் அதற்குச் சட்டம் வந்தது. ஆனால் இதுவும் மத்திய அரசின் படை, ஆழக்கடலைக் கண்ணில் வைத்தது. ஆற்றுவாயும் உப்பங்கழியும் அப்போதும் யாருக்கும் உரியதாக இல்லை.

அந்த இடைவெளியின் விலை 1990களில் தெரிந்தது. இலங்கைப் போரினால் பாக் நீரிணையில் ஆளும் ஆயுதமும் போய்வர, 1990இல் கடற்படை ‘ஆபரேஷன் தாஷா’ என்ற ரோந்தைத் தொடங்கியது. அந்த ரோந்து நடந்துகொண்டிருக்கும்போதே, 1991 மே மாதத் தொடக்கத்தில் விடுதலைப் புலிகளின் சிவராசன் குழு கோடியக்கரையில் வந்து இறங்கியது. அதே மாதம் 21ஆம் தேதி அந்தக் குழுவின் சதியில் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். 1993 மார்ச்சில் மும்பையில் வெடித்த குண்டுகளுக்கான வெடிமருந்து மகாராஷ்டிரத்துக் கரையில் படகில் வந்து இறங்கியிருந்தது. இரண்டு இடத்திலும் கதை ஒன்றுதான்: ஆழக்கடலில் காவல் இருந்தது, ஊருக்குள் போலீஸ் இருந்தது, படகு கரை தட்டும் இடத்தில் ஒருவரும் இல்லை. அடுத்த ஆண்டே தமிழ்நாடு தன் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தை அமைத்தது. சுமார் 1,076 கிலோமீட்டர் நீளக் கரையைக் கொண்ட மாநிலம் அது.

பெயர் வந்துவிட்டது, படகு வரவில்லை. நிலத்துப் போலீஸ்காரரைக் கரையில் நிறுத்தியதுதான் முதல் கட்டம். கார்கில் போருக்குப் பின், 2001இல் வெளிவந்த மத்திய அமைச்சர் குழு அறிக்கை கரைக்காவலை நாட்டளவில் கேள்விக்குள்ளாக்கியது. அதன் தொடர்ச்சியாக 2005 ஜனவரியில் கடலோரப் பாதுகாப்புத் திட்டம் ஒப்புதல் பெற்றது. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், 2004 டிசம்பர் 26 அன்று, சுனாமி இதே கரையைப் புரட்டிப் போட்டிருந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கிள்ளைக்கு எதிரே கடலுக்கும் கழிமுகத்துக்கும் நடுவே மணல் திட்டில் இருந்த குடியிருப்புகள் அழிந்தன. பிச்சாவரக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெரும்பாலும் தப்பின. அந்த நாளில் கழிக்குள் புகுந்து ஆட்களைத் தூக்கியவர்கள் அக்கம்பக்கத்து மீனவர்கள்தான். கரைக்காவல் என்றால் துப்பாக்கி மட்டுமில்லை, மீட்பும்கூட என்பதை இந்த மாவட்டம் அப்போதே கண்டுகொண்டது.

திட்டத்தின் முதல் கட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 12 கடலோரக் காவல் நிலையங்களும் 24 படகுகளும் கிடைத்தன. படகுகளில் 12 டன் எடையுள்ளவை உண்டு, 5 டன் எடையுள்ளவை உண்டு. கோவா ஷிப்யார்டும் கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல்தளமும் நாடு முழுவதுக்குமான படகுகளைக் கட்டின. 2008 நவம்பரில் ‘குபேர்’ என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கைப்பற்றி வந்த பத்துப் பேர் மும்பைக்குள் ரப்பர் படகில் இறங்கினார்கள். கரையில் அவர்களை முதலில் பார்த்து ‘யார் நீங்கள்’ என்று கேட்டவர்கள் மீனவக் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். அந்தத் தாக்குதலுக்குப் பின் 2011இல் இரண்டாம் கட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு மேலும் 30 காவல் நிலையங்கள் கிடைத்து, கணக்கு 42 ஆயிற்று. கடற்படை ஒட்டுமொத்தப் பொறுப்பு, காவல்படை அதற்கு உள்ளே, கரையோரம் மரைன் போலீஸ் என்று மூன்றடுக்கும் உறுதியானது.

இப்படி ஆற்றுமுகத்துக்கென்று ஒரு படை கட்டுவது எந்த நாட்டுக்கும் எளிதாக இருந்ததில்லை. வியட்நாமின் மேகாங் கழிமுகத்துக்கு 1965 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை ‘டாஸ்க் ஃபோர்ஸ் 116’ என்ற பிரிவை அமைத்தபோது, உலகின் மிகப் பெரிய கப்பல்களை வைத்திருந்த அந்தப் படையிடம் வாய்க்காலில் ஓடும் படகு இல்லை. கண்ணாடியிழை உடல், சுழல் விசிறிக்குப் பதில் நீரைப் பீய்ச்சித் தள்ளும் எந்திரம் என்று புதிதாகச் செய்வித்தார்கள். இரண்டடித் தண்ணீரிலும் மிதந்தது அது. படகுச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் எதிரே வரும் நூறு ஓடங்களில் எது மீன் பிடிக்கிறது, எது ஆயுதம் கடத்துகிறது என்பதைப் படகு சொல்லாது. அதைச் சொல்ல அந்த ஆற்றில் பிறந்த ஆள் வேண்டும்.

கடலூரிலும் கேள்வி அதுவே. படகு எண், மீனவர் அடையாள அட்டை, ஆண்டுதோறும் நடக்கும் ‘சாகர் கவாச்’ ஒத்திகை என்று ஏற்பாடுகள் உண்டு. ஒத்திகையில் போலீஸ்காரர்களே ஊடுருவ வருவார்கள், போலீஸ்காரர்களே பிடிப்பார்கள். மற்ற நாட்களில் வேலை வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். சுருக்குமடி வலைத் தகராறு இன்னும் பெரிது. 2000இல் மாநில அரசு அந்த வலையைத் தடை செய்தது; 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்களும் வியாழனும் மட்டும் பயன்படுத்தலாம் என்று இடைக்கால அனுமதி தந்தது. இந்த வலையால் இந்த மாவட்டத்துக் குப்பங்களுக்குள்ளேயே பகை மூண்டு, உயிர்ப்பலி வரை போயிருக்கிறது. அந்நியரை எதிர்பார்த்துப் பிறந்த காவல், பெரும்பாலும் சொந்த ஊர்க்காரர்களுக்கு நடுவில்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

கொள்ளிட முகத்திலுள்ள கொடியம்பாளையம் இன்னொரு சிக்கல். நிர்வாகத்தில் அது மயிலாடுதுறை மாவட்டம். ஊர்க்காரர்கள் போய்வருவது சிதம்பரம் வழியாக. காவல் நிலைய எல்லையை மாவட்டக் கோடு பார்த்துப் போட்டால் தண்ணீர் அதற்குக் கட்டுப்படாது.

படகு வந்த பிறகு ஓட்ட ஆள் தேடினார்கள். கடல் பழகாத போலீஸ்காரரை அலையில் ஏற்ற முடியாமல், ஓய்வுபெற்ற கடற்படை, காவல்படை வீரர்களை அமர்த்தினார்கள். டீசலும் பழுதுபார்ப்பும் இல்லாமல் படகுகள் கட்டிக்கிடந்ததைப் பல மாநிலங்களின் தணிக்கை அறிக்கைகள் எடுத்துச் சொல்லின. கடலோரக் காவலுக்கென்று தேசியப் பயிற்சிக் கழகம் குஜராத்தின் ஓகாவில் 2018இல்தான் வந்தது. தமிழ்நாடு ஒரு நல்ல வேலை செய்தது: மீனவ இளைஞர்களைக் கடலோர ஊர்க்காவல் படையில் சேர்த்தது, மீனவர் பிள்ளைகள் கடற்படையிலும் காவல்படையிலும் சேரப் பயிற்சியும் தொடங்கியது. அந்தப் பயிற்சி நடக்கும் ஊர்களில் கடலூரும் ஒன்று.

ஆனால் ஊர்க்காவல் படை என்பது நாட்படி வாங்கும் துணைவேலை. ஓய்வூதியமும் பதவி உயர்வும் உள்ள நிரந்தர உத்தியோகம் அன்று. முகத்துவாரம் எந்த மாதம் எங்கே தூரும், வாடைக்காற்றில் எந்த வாய்க்கால் திறந்திருக்கும், எந்தப் படகு எந்தக் குப்பத்தது என்பதெல்லாம் தெரிந்தவரைத் துணையாளாக வைத்துக்கொண்டு, தெரியாதவரை நிலைய அதிகாரியாக அனுப்புகிறோம். 1749இல் ஆற்றைக் கடக்க வழி கண்டவர் தச்சர், பெயர் வாங்கியவர்கள் தளபதிகள். கடலோரக் காவல் நிலையங்களின் நிரந்தரப் பணியிடங்களில் ஒரு பங்கையாவது மீனவக் குப்பத்துப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி, படகின் சுக்கானை அவர்கள் கையில் கொடுத்தால்தான் 1994இல் தொடங்கிய வேலை முடிந்ததாகும். அது வரை 1093 என்ற இலவச எண்ணுக்கு நடுக்கடலிலிருந்து தகவல் சொல்பவராக மட்டுமே மீனவர் இருப்பார்.