அடைமழையும் அறச்சாலையும்

பனி பெய்யும் நாடுகளில், கடுங்குளிரில் வழிதவறி வருபவனுக்குக் கதவு திறப்பதைப் பேரறமாகப் போற்றுவர். உறைபனி காணாத தமிழகத்துச் சமவெளியில் அத்தகைய கடுங்காலம் எது? ‘ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை’ என்னும் பழமொழியே விடை கூறும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் அத்திங்களில் காவிரியின் கிளையாறுகள் கரைபுரளும், மண்பாதைகள் சேறாகும். ஊரில் இருப்பவனுக்கு வீடு உண்டு, உறவு உண்டு. வழிநடைக்காரனுக்கு யார் உண்டு? இவ்வினாவிற்குத் தமிழகம் அளித்த விடைகளுள் இரண்டு ஈண்டு நோக்கத்தக்கன.

முதலாவது, தமிழ் கற்றோர் யாவரும் அறிந்தது. பொதினி மலைக்குரிய வையாவிக் கோப்பெரும்பேகன், மயில் ஒன்று குளிரால் நடுங்கிற்று எனக் கருதித் தன் போர்வையை அதற்கு அளித்தான். சிறுபாணாற்றுப்படை அவனைக் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக வைத்துப் பாடுகிறது. மயில் போர்வையை உடுத்தாது என்பதைப் பேகனும் அறிவான், அவனைப் பாடிய புலவரும் அறிவர். பயனை எண்ணாது இரங்கும் இவ்வியல்பையே சான்றோர் ‘கொடைமடம்’ என்று சிறப்பித்தனர். எனினும் ஒன்று எண்ணிப் பார்த்தற்குரியது. பேகன் அவ்வழியே வாராதிருப்பின் அம்மயிலின் நிலை என்ன? இரக்கம் ஒருவர் உள்ளத்தில் மட்டும் நின்றால், அவர் இல்லாத இடத்தில் அறமும் இல்லாமற் போகும்.

இக்குறையை நிறைவு செய்தது இரண்டாவது விடை, அதுவே சத்திரம். தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலத்தில், இராமேசுவரம் செல்லும் பெருவழியில் பல சத்திரங்கள் எழுந்தன. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோசி மன்னர் காலத்தில் அமைந்த முத்தம்பாள் சத்திரம் அவற்றுள் புகழ்பெற்றது. 1798இல் அரியணை ஏறிய சரபோசி, 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சியைக் கும்பினியாரிடம் இழந்தார். ஆட்சி கைவிட்டுப் போன பின்னரும் சத்திரங்கள் குறையின்றி நடைபெற வேண்டுமே என்ற கவலை அவரை விடவில்லை. 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய மடலில் அவற்றின் நடைமுறையை அவர் விரித்துரைத்தார்.

அம்மடல் கூறுவன வியப்பிற்குரியன. எக்குலத்தாராயினும் வருவோர் அனைவர்க்கும் சோறு உண்டு. சமைத்த சோற்றை ஏலாதார்க்கு அரிசியும் பிற பண்டங்களும் தரப்படும். நள்ளிரவில் மணி அடித்து, ‘இன்னும் உண்ணாதவர் வருக’ என்று அறிவிப்பர். மழையால் பயணம் தடைப்பட்டோர், தங்கும் நாள் முழுதும் உணவு பெறுவர். நோயுற்றோர்க்கு மருந்தும் ஏற்ற உணவும் உண்டு. இவற்றினும் மேலான செய்தி ஒன்று உளது. வழியில் பெற்றோரை இழந்த அயலார் குழந்தைகள் சத்திரத்துப் பள்ளி ஆசிரியரின் பொறுப்பில் விடப்பட்டனர். அவர்களுக்கு நாள்தோறும் மூவேளை உணவு. நான்கு நாட்களுக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல். உடை, மருந்து, விரும்பிய கல்வி ஆகிய அனைத்தும் கிடைத்தன. அவர்தம் திருமணச் செலவையும் சத்திரமே ஏற்றது.

சாதி வேறுபாடு அற்ற அமைப்பு இஃது என்று கூறுதல் பொருந்தாது. உண்ணும் முறையிலும் ஈமக்கடனிலும் குல வழக்கங்கள் பேணப்பட்டன. ஆயினும் பசித்து வந்தவனைக் குலம் காரணமாகத் திருப்பி அனுப்பாமை அக்காலத்தில் சிறிய செயலன்று. சத்திரத்திற்கென விளைநிலங்கள் விடப்பட்டிருந்தமையால், மழை வருமுன்பே சோற்றுக்கு வழி வகுக்கப்பட்டிருந்தது. பேகனின் இரக்கம் இங்கே ஏற்பாடாக வளர்ந்தது எனலாம்.

மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தமிழருள் தஞ்சை, திருச்சி மாவட்டத்தார் பலர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய அவர்களுக்குச் சத்திரம் என்பது ஏட்டில் மட்டும் கண்ட பெயரன்று. அவர்கள் குடியேறிய பேராக்கிலும் மழை தன் வலிமையைக் காட்டாமல் இல்லை. 1926 டிசம்பரிலும் 1967 சனவரியிலும் பேராக் ஆறு பெருக்கெடுத்துப் பேரழிவு விளைத்தது. லகாட், ஈப்போ முதலிய ஊர்கள் அமைந்த கிந்தாப் பள்ளத்தாக்கின் நீரும் முடிவில் அவ்வாற்றையே சேர்கிறது. இன்று மலேசியாவில் வெள்ளம் வந்தால் பள்ளிக் கட்டடங்களும் பொது மண்டபங்களும் துயர்துடைப்பு மையங்களாகின்றன. மலாயரும் சீனரும் தமிழரும் ஒரே கூரையின்கீழ்ப் பாய் விரிக்கின்றனர். குலத்திற்கொரு முறை என்னும் பழைய குறை அங்கே இல்லை.

பள்ளியும் புகலிடமும் ஒன்றாதல் தமிழர்க்குப் புதிதன்று. மழைக்கு ஒதுங்கியவனுக்குச் சோறும், அவன் விட்டுச் சென்ற குழந்தைக்கு எழுத்தும் ஒரே இடத்தில் கிடைத்த வரலாறு அவர்களுக்கு உண்டு. மயிலுக்குப் போர்வை தந்தவனைப் பாடமாக்கும் ஆசிரியர், நள்ளிரவில் மணி அடித்து அயலானை அழைத்தவரையும், அயலார் குழந்தையை வளர்த்த பெயரறியா ஆசிரியரையும் மாணவர்க்கு உடன் எடுத்துரைத்தல் நன்று. ஏனெனில் அடைமழை ஆண்டுதோறும் வரும். பேகன் அவ்வழியே வருவான் என்பது உறுதியில்லை.