சட்டாம்பிள்ளையிலிருந்து மாணவ ஆசிரியர் வரை: ஆரம்பப் பள்ளி ஆசிரியத்துவத்தின் நுழைவாயில் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஆரம்பப் பள்ளி ஆசிரியர் எவ்வாறு உருவாக்கப்பட்டார் என்ற வினாவைக் கல்வி வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் போதனாமுறைகளின் வளர்ச்சியாகவே நோக்கி வந்துள்ளனர். அவ்வாறு நோக்குமிடத்து ஓர் அடிப்படை உண்மை மறைந்துவிடுகிறது. வறியோரின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு வேண்டும், ஆனால் அதற்காகச் செலவிடப்படும் பணமோ மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்ற முரண்பாட்டினின்றே நவீன ஆரம்பப் பள்ளி ஆசிரியர் தோன்றினார். இங்கிலாந்தில் 1846இல் வகுக்கப்பட்ட மாணவ ஆசிரியர் முறையை இந்த நோக்கில் ஆராய நாம் இங்கு முற்படுகின்றோம். அதன் ஒரு வேர் தமிழ் மண்ணில் இருப்பதும், அதன் கிளையொன்று பின்னர் இலங்கையில் படர்ந்ததும் எமது ஆர்வத்துக்குக் காரணமாகும்.

1789இல் சென்னை எழும்பூரிலிருந்த இராணுவ ஆண் அனாதைகள் இல்லத்தின் பொறுப்பை ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த மதகுருவான அன்ட்ரூ பெல் ஏற்றார். ஐரோப்பியப் படைவீரருக்கும் உள்நாட்டுப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளே அங்கு வளர்ந்தனர். உள்ளூர்ப் பள்ளியொன்றிலே சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பயில்வதை அவர் கண்டார். அதனைத் தம் இல்லத்திற் புகுத்தத் துணிந்தபோது உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எனவே ஏறத்தாழ எட்டு வயதினனான ஜோன் பிறிஸ்கின் என்னும் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். சம்பளம் பெற்ற ஆசிரியர் செய்ய மறுத்ததைச் சம்பளமற்ற சிறுவன் செய்து முடித்தான். இங்கிலாந்து திரும்பிய பெல் 1797இல் இலண்டனில் வெளியிட்ட சிறுநூல் மூலம் இது 'மதராஸ் முறை' எனப் பெயர் பெற்றது.

மணலெழுத்தைத் தமிழரிடமிருந்து பெற்றதாக ஒப்புக்கொண்ட பெல், மாணவரைக் கொண்டு மாணவருக்குக் கற்பிக்கும் உத்தியைத் தம் சொந்தக் கண்டுபிடிப்பென்றே கூறினார். எமது திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இருந்ததை அறிந்தோர் இதனைத் தயக்கத்துடனேயே ஏற்பர். பெல்லுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே, 1623இல், இக்கேரிக்குச் சென்றுகொண்டிருந்த இத்தாலியப் பயணி பியேத்ரோ தெல்லா வல்லே, கோயில் மண்டபமொன்றில் சிறுவர்கள் ஆசிரியரின்றி மணலில் எழுதி ஒருவரோடொருவர் கணக்குப் பயின்றதைப் பதிவு செய்துள்ளார். ஆயினும் முன்னுரிமை கோரிப் பெருமை கொள்வது எமது நோக்கமன்று. திண்ணையிற் சட்டாம்பிள்ளை உபாத்தியாயரின் கையாள், அவ்வளவே. இங்கிலாந்தின் ஆலைத்தொழில் யுகத்தில் அவனே ஒரு செலவுக் கணக்கின் அலகாக மாறினான். சவுத்வார்க்கிற் பள்ளி நடத்திய ஜோசப் லங்காஸ்ரர், ஒரே ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகள் வரை கற்பிக்கலாம் என்று பெருமை பேசியமை ஆலை முதலாளியின் மொழியன்றி வேறன்று.

இம்முறையின் வறுமை விரைவிலேயே வெளிப்பட்டது. பத்து வயதுச் சிறுவன் தான் அறிந்த சிறிதளவையே ஒப்புவிக்கச் செய்ய முடியும். 1839இல் அமைக்கப்பட்ட அரச கல்விக் குழுவின் செயலாளரான ஜேம்ஸ் கே-ஷட்டில்வேர்த் 1846இல் புதிய பாதையொன்றை வகுத்தார். 13 வயது நிரம்பிய பிள்ளை பள்ளித் தலைமை ஆசிரியரிடம் ஐந்தாண்டு தொழில் பழகும். முதலாண்டில் 10 பவுண். படிப்படியாக உயர்ந்து ஐந்தாம் ஆண்டில் 20 பவுண். பகல் முழுவதும் வகுப்பெடுத்தபின்போ அதற்கு முன்போ ஒன்றரை மணிநேரம் தலைமை ஆசிரியரிடம் பாடம் கேட்கும். ஆண்டுதோறும் பரிசோதகரின் தேர்வு உண்டு. இறுதியில் இராணிப் புலமைப் பரிசில் வென்றோர் பயிற்சிக் கல்லூரி சேர்ந்து தராதரப் பத்திரம் பெறலாம்.

முதலாண்டு ஊதியம் வாரத்துக்கு நான்கு சிலிங்குக்கும் குறைவே. எனினும் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைக்கு, சிறப்பாகப் பெண்பிள்ளைக்கு, ஆலையும் வீட்டுவேலையுமல்லாத ஒரு வாழ்வை இப்பாதை திறந்துவிட்டதென்பதை நாம் மறுப்பதற்கில்லை. அந்நூற்றாண்டின் இறுதியில் மாணவ ஆசிரியருட் பெண்களே பெரும்பான்மையினர். அதே பாதை அவர்களை எத்துணை இறுகக் கட்டியது என்பதை அறிய தோமஸ் ஹார்டியின் 1895ஆம் ஆண்டு நாவலான 'ஜூட் த ஒப்ஸ்கியூர்' துணைபுரியும். அதன் நாயகி சூ மாணவ ஆசிரியையாகத் தொடங்கிப் பயிற்சிக் கல்லூரி புகுகிறாள். அங்கு தண்டனையாக அறையில் அடைக்கப்பட்டபோது சாளரத்தால் வெளியேறி ஆற்றைக் கடந்து தப்பிச் செல்கிறாள். ஹார்டியின் சகோதரியர் இருவரும் சோல்ஸ்பரிப் பயிற்சிக் கல்லூரியிற் பயின்றவர்கள் என்பது இங்கு நினைவுகொள்ளத்தக்கது. படிப்பித்த பிள்ளைகளின் வகுப்பிலிருந்து ஆசிரியர் சற்று மேலெழ வேண்டும், ஆனால் அதிகம் எழுந்துவிடலாகாது என்பதே அக்கல்லூரிகளின் எழுதப்படாத சட்டம்.

1862இல் றொபேட் லோவின் திருத்திய விதிக்கோவை வந்தது. பெறுபேற்றுக்கு ஏற்ற கொடுப்பனவு என்ற கொள்கையின்படி, வாசிப்பு, எழுத்து, எண் ஆகியவற்றில் ஒவ்வொரு பிள்ளையும் தேறுவதைப் பொறுத்தே பள்ளிக்கு மானியம் கிடைத்தது. மாணவ ஆசிரியருக்கு அரசு நேரடியாக அளித்த ஊதியமும் நின்றது. அவர்கள் தொகை வீழ்ந்தது. பள்ளிப் பரிசோதகராயிருந்த கவிஞர் மத்தியூ ஆர்னல்ட் இதனை எதிர்த்தும் பயனில்லை. 1903இல் சேர்வதற்கான வயது பொதுவாகப் 16 ஆக உயர்த்தப்பட்டமையும், 1907இல் உயர்நிலைப் பள்ளிக் கல்வியைத் தொடர உதவுபணம் அளிக்கப்பட்டமையும் இம்முறையைப் படிப்படியாக முடிவுக்குக் கொணர்ந்தன.

இங்கிலாந்திலேயே கண்டனத்துக்குள்ளான இவ்விதிக்கோவையின் கொள்கை குடியேற்ற நாடுகளுக்கும் ஏற்றுமதியானது. இலங்கையில் 1867இன் மோர்கன் குழு அறிக்கையை அடுத்து 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டபின், மிஷனரிப் பள்ளிகளுக்கான உதவி மானியம் தேர்வுப் பெறுபேற்றோடு பிணைக்கப்பட்டது. மானியம் பிள்ளையின் தேர்ச்சியில் தங்கியிருக்கையில், ஆசிரியரைப் பயிற்றுவதற்குச் செலவிடுவது பள்ளி முகாமையாளருக்கு இலாபகரமானதன்று. தோட்டப் பிள்ளைகளின் நிலையோ இதனினும் கீழானது. 1907, 1920ஆம் ஆண்டுச் சட்டங்கள் தோட்டத்துரைமார் மீது பள்ளிக் கடமையைச் சுமத்தியபோதும், ஒரே ஆசிரியர் எல்லா வகுப்புக்களையும் ஒரே கூரையின் கீழ் மேய்க்கும் பள்ளிகளே அங்கு மிகுந்தன. அரசு அவற்றைப் பொறுப்பேற்றது 1970களிலேயே.

இருபதாம் நூற்றாண்டில் எமது நாட்டில் ஆசிரியப் பயிற்சிக் கலாசாலைகள் பெருகியபோதும் ஓர் ஒழுங்கு மாறாதிருந்தது. இளைஞர் முதலில் நியமனம் பெற்று வகுப்பறைக்கு அனுப்பப்பட்டனர். சில ஆண்டுகள், சிலவேளை பல ஆண்டுகள், படிப்பித்தபின்னரே கலாசாலைக்கு அழைக்கப்பட்டனர். கற்பிக்கத் தெரியாத காலத்தில் அவர்கள் கற்பித்த பிள்ளைகள் யாவர் என்று வினவின், கடினப் பிரதேசத்துப் பிள்ளைகளே பெரிதும் என்பது விடை. 1985 முதல் நிறுவப்பட்ட தேசிய கல்வியியற் கல்லூரிகள் இரண்டாண்டு வதிவிடப் பயிற்சியையும் ஓராண்டுப் பள்ளி உள்ளகப் பயிற்சியையும் நியமனத்துக்கு முன்னதாக வைத்தன. எழும்பூர் இல்லத்தின் பொறுப்பைப் பெல் ஏற்று அப்போது இரு நூற்றாண்டுகள் நிறைவடைய நான்கு ஆண்டுகளே எஞ்சியிருந்தன.