ஹோஷின் கான்ரி

ஹோஷின் கான்ரி என்பது ஒரு நிறுவனத்தின் பெரிய இலக்கைப் படிப்படியாகப் பிரித்து, கடைசியில் ஒரு தொழிலாளி இன்றைய ஷிஃப்டில் செய்ய வேண்டிய வேலை வரை கொண்டுவந்து சேர்க்கும் ஜப்பானிய மேலாண்மை முறை. 1960-களில் ஜப்பானிய ஆலைகளில் உருவெடுத்தது. இந்தியத் தொழிற்சாலைகளில் இதற்குப் பாலிசி டிப்ளாய்மென்ட் என்ற பெயரே புழங்குகிறது. தமிழில் கொள்கைப் பரவல் எனலாம். இலக்கைப் பங்குபோட்டுக் கொடுக்கும் முறைகள் உலகில் பல உண்டு. எண்ணைக் கீழே அனுப்பும்போது அதை அடையும் வழியையும் கூடவே அனுப்பியாக வேண்டும் என்ற விதிதான் இதைப் பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

அந்த விதி ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு சாதாரணக் கணக்கே போதும். ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் விற்க வேண்டும், வேலை நாள் 300 என்றால், நாளொன்றுக்கு 33 லட்சத்துச் சொச்சம் வருகிறது. இதை அச்சடித்து விற்பனைப் பிரிவின் சுவரில் ஒட்டிவிட்டு, நாள் திட்டம் தயார் என்று எழுந்துபோகும் முதலாளிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். காலை ஒன்பது மணிக்கு வேலைக்கு வருபவர் முதலில் யாருக்குப் போன் செய்வது, எந்தச் சரக்கை முன்னால் அனுப்புவது என்று அந்த எண் ஒன்றும் சொல்வதில்லை. நேற்று 20 லட்சம்தான் ஆயிற்று என்றால் இன்று கூடுதலாகக் கத்துவதைத் தவிர மேலாளருக்கும் வேறு வழி தெரிவதில்லை.

தோற்றம்

பெரிய எண்ணைச் சிறு எண்களாகப் பிரிக்கும் பழக்கம் அமெரிக்காவில் முன்பே இருந்தது. டூபான்ட் நிறுவனம் 1910-களிலேயே முதலீட்டின் மீதான வருவாயை லாப விகிதம், சொத்துச் சுழற்சி என்று இரண்டாக உடைத்து, அவற்றை மேலும் கிளைபிரித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டது. 1954-இல் பீட்டர் டிரக்கர் எழுதிய 'தி பிராக்டிஸ் ஆஃப் மேனேஜ்மென்ட்', இலக்கு வழி மேலாண்மை என்ற கருத்தைப் பரப்பியது. அதே ஆண்டு ஜோசப் ஜுரான் ஜப்பானுக்குச் சென்று, தரம் என்பது சோதனைப் பிரிவின் வேலை மட்டுமல்ல, மேலிடத்தின் பொறுப்பு என்று அங்குள்ள நிறுவனத் தலைவர்களுக்கு எடுத்துச் சொன்னார். இதற்கு முன்பே, 1950-இல், டபிள்யூ. எட்வர்ட்ஸ் டெமிங் அங்கே புள்ளியியல் தரக் கட்டுப்பாடு பற்றி உரைகள் நிகழ்த்தியிருந்தார். அவர் பெயரில் டெமிங் பரிசு 1951-இல் தொடங்கியது.

இந்தச் சரக்கையெல்லாம் ஜப்பானியர்கள் ஒன்றாகக் கலந்து தங்கள் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். அந்தத் தேவை என்னவென்பது கொமட்சு நிறுவனத்தின் நிலையைப் பார்த்தால் விளங்கும். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கேட்டர்பில்லர், மிட்சுபிஷியோடு சேர்ந்து ஜப்பானுக்குள் காலூன்ற வந்தது. கொமட்சுவின் புல்டோசர்கள் தரத்தில் அதற்கு ஈடாக நிற்கக்கூடியவை அல்ல. கேட்டர்பில்லருக்கு நிகரான தரம் என்பதுதான் இலக்கு. சில ஆண்டுகளுக்குள் முடியவில்லையென்றால் தொழிலே கைவிட்டுப் போய்விடும். அந்த ஒற்றை வாக்கியத்தை எஞ்சின், கியர், வார்ப்பு என்று ஒவ்வொரு பிரிவுக்கும் உரிய வேலையாக மாற்ற வேண்டியிருந்தது. கொமட்சு 1964-இல் டெமிங் பரிசைப் பெற்றது. மேல்மட்ட இலக்கிலிருந்து கீழ்மட்ட இலக்குகள் கிளைவிட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வரைபடம் தொங்கும் அதன் கொடிப் படம் இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது.

டொயோட்டா 1965-இலும் பிரிட்ஜ்ஸ்டோன் 1968-இலும் அதே பரிசைப் பெற்றன. முன்பு பரிசு பெற்றவர்களின் நடைமுறைகளை ஆராய்ந்து தொகுத்து, இந்த முறைக்கு ஹோஷின் கான்ரி என்ற பெயரை நிலைநிறுத்தியது பிரிட்ஜ்ஸ்டோன்தான். யோஜி அகாவோ தொகுத்த நூல் 1991-இல் ஆங்கிலத்தில் வந்த பிறகு இது மற்ற நாடுகளிலும் பரவியது. அதற்கு முன்பே, யோகோகாவா-ஹியூலெட் பக்கார்டு 1982-இல் பரிசு வாங்கியதும், தாய் நிறுவனமான ஹியூலெட் பக்கார்டு வழியாக அமெரிக்காவுக்குள் நுழைந்திருந்தது.

இலக்கு இறங்கும் விதம்

மேலிடம் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கான நோக்கத்தை வகுத்து, அதிலிருந்து இந்த ஆண்டுக்கு மூன்று நான்கு விஷயங்களை மட்டும் பொறுக்கி எடுக்கும். பதினைந்து இருபது என்று பட்டியல் நீண்டால் அது ஹோஷின் ஆகாது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும் அதை அடையும் வழியும் எழுதப்படும். மேலே இருப்பவரின் வழி எதுவோ அதுவே அடுத்த படியில் இருப்பவருக்கு இலக்காகிறது. அவர் அதற்குத் தன் வழியைக் கண்டுபிடிக்கிறார். அது அவருக்குக் கீழே உள்ளவரின் இலக்கு. இப்படி மூன்று நான்கு படி இறங்கினால், எண் கரைந்து, செய்கை மட்டும் மிஞ்சுகிறது.

எழுதிய தாள் அப்படியே இறங்கிவிடுவதில்லை. கீழே இருப்பவர், 'இந்த எண் முடியும், அது முடியாது, முடிய வேண்டுமானால் இது வேண்டும்' என்று திருப்பி அனுப்பலாம். மேலே இருப்பவர் எண்ணைக் குறைக்கலாம் அல்லது கேட்டதைக் கொடுக்கலாம். இந்தப் போக்குவரத்துக்குக் கேட்ச்பால் என்று பெயர். புத்தகங்கள் இதை இரண்டு பத்தியில் முடித்துவிடுகின்றன. ஆலையில் இதற்கு இரண்டு மாதம்கூட ஆகலாம். முழு முறையின் உயிரும் இங்கேதான் இருக்கிறது என்பதால் அந்தக் காலம் வீண் இல்லை.

கோவையில் பம்பு உறைகளை வார்க்கும் ஒரு பவுண்டரியைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். ஊற்றும் வார்ப்பில் 8 விழுக்காடு ரிஜெக்‌ஷன். இந்த ஆண்டு அதை 5-க்குக் கொண்டுவர வேண்டும் என்பது முதலாளியின் முடிவு. 3 விழுக்காட்டை 12 மாதத்தால் வகுத்து மாதம் கால் விழுக்காடு என்று கட்டளையிட்டால் எதுவும் நடக்காது. பவுண்டரி மேலாளர் ஆறு மாதக் கணக்கை விரித்துப் பார்க்கிறார். அந்த 8-இல் 3 விழுக்காடு புளோ ஹோல், அதாவது வார்ப்புக்குள் காற்றுக் குமிழி. 2 விழுக்காடு மணல் சேர்க்கை, அதாவது வார்ப்புக்குள் மணல் சிக்குவது. மீதி சில்லறைக் காரணங்கள். புளோ ஹோலை மூன்றிலிருந்து ஒன்றுக்குக் கொண்டுவருவது என்பது அவர் தேர்ந்தெடுக்கும் முதல் வழி. குமிழிக்குக் காரணங்கள் பல உண்டு. இங்கே கணக்கு காட்டுவது மோல்டு மணலில் ஈரம் ஏறிப்போவதை. ஆகவே மணலின் ஈரத்தை 3.2-க்கும் 3.8 விழுக்காட்டுக்கும் இடையில் நிறுத்த வேண்டும் என்பது மணல் பிளான்ட் சூப்பர்வைசரின் இலக்காகிறது.

சூப்பர்வைசர் அதைத் திருப்பி அனுப்புகிறார்: "மண்ணு சூடாவே திரும்பி வருதுங்க சார். அந்தச் சூட்டுல எவ்வளவு தண்ணி விட்டாலும் ஈரம் ஒரே மாதிரி நிக்க மாட்டேங்குது. கூலர் ஒண்ணு போட்டாத்தானுங்க முடியும்." வார்ப்பிலிருந்து பிரிந்து வரும் சூடான மணலில் ஈரத்தைக் கட்டுப்படுத்துவது கடினம் என்பது பவுண்டரிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதலாளி இப்போது இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும். மணல் கூலருக்குப் பணம் ஒதுக்கலாம். இல்லையேல் 5 என்பதை 6.5 ஆக்கலாம். இரண்டையும் செய்யாமல் 'அதெல்லாம் தெரியாது, முடிச்சுக் காட்டு' என்றால் அந்த ஆண்டின் தாள் அங்கேயே செத்துவிடுகிறது.

கூலர் வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். மணி தோறும் ஒரு பிடி மணலை எடுத்து ஈரம் பார்த்து எழுதுவது, 3.8-ஐத் தாண்டினால் மோல்டிங் லைனுக்குச் சொல்லிவிட்டுத் தண்ணீரைக் குறைப்பது என்பது மணல் பிளான்ட் ஆப்பரேட்டரின் அன்றாடத் திட்டம். அவர் தாளில் 8 விழுக்காடும் இல்லை, 5 விழுக்காடும் இல்லை.

அன்றாட மேலாண்மை

ஹோஷின் கான்ரி தனியாக நிற்பதில்லை. அதற்கு அடியில் அன்றாட மேலாண்மை என்ற இன்னொரு முறை இருந்தாக வேண்டும். நம் ஆலைகளில் டெய்லி ஒர்க் மேனேஜ்மென்ட், சுருக்கமாக டி.டபிள்யூ.எம். என்பார்கள். ஹோஷின் மாற்ற வேண்டியதைப் பார்க்கிறது, டி.டபிள்யூ.எம். மாறாமல் நிற்க வேண்டியதைப் பார்க்கிறது. நேற்றுச் செய்த வேலையை இன்று அதே தரத்தில் செய்ய முடியாத இடத்தில் ஆண்டு இலக்குக்கு நேரம் எங்கிருந்து வரும்? தினமும் தீயணைக்க ஓடுபவர்களிடம் ஐந்தாண்டுத் திட்டத்தைக் கொடுத்துப் பயனில்லை.

இதில் இரண்டு வகை எண்கள் உண்டு. ஒன்று விளைவைக் காட்டுவது, மற்றது காரணத்தைக் காட்டுவது. நேற்று எத்தனை வார்ப்பு கழிந்தது என்பது விளைவு. மணலின் ஈரம் எவ்வளவு, உலோகம் ஊற்றிய வெப்பம் எவ்வளவு என்பவை காரணங்கள். மேலே இருப்பவர் விளைவைப் பார்க்கலாம். லைனில் நிற்பவருக்குக் காரணம்தான் பிடிமானம், ஏனென்றால் அதை மட்டுமே அவரால் இந்த மணி நேரத்தில் மாற்ற முடியும். பல நிறுவனங்களில் பலகை நிறைய விளைவு எண்கள் மட்டுமே தொங்குகின்றன. அவற்றைப் பார்த்து வருத்தப்படலாம், வேறொன்றும் செய்ய இயலாது.

காலை ஷிஃப்ட் தொடங்கும்போது பலகை முன்னால் நின்றபடியே பத்து நிமிடக் கூட்டம் நடக்கும். நேற்று எது எல்லை தாண்டியது, எத்தனை மணிக்கு, எந்த ஹீட்டில் (ஒருமுறை உருக்கிய உலோகத்தில்), யார் என்ன செய்தார்கள், இன்று யார் பார்ப்பார்கள். நாற்காலி போட்டால் பத்து நிமிடம் ஒரு மணி நேரமாகிவிடும். மாதம் ஒருமுறை பிரிவுத் தலைவரும் ஆண்டுக்கு ஓரிரு முறை நிறுவனத் தலைவரும் நேரில் வந்து திட்டம், செயல், சோதனை, திருத்தம் என்ற சுழற்சியில் வேலை எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள்.

தமிழ்நாட்டில்

இந்தியாவில் டெமிங் பரிசை முதலில் பெற்றது சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக்ஸ் பிரிவு. ஆண்டு 1998. அதே பிரிவு 2002-இல் ஜப்பான் தரப் பதக்கத்தையும் பெற்றது. ஓசூரின் டி.வி.எஸ். மோட்டார் 2002-இலும், பிரேக்ஸ் இந்தியாவின் பவுண்டரிப் பிரிவும் ரானே பிரேக் லைனிங்கும் 2003-இலும் பரிசு வாங்கின. ஜப்பானுக்கு வெளியே இந்தப் பரிசு இவ்வளவு நெருக்கமாக விழுந்த வட்டாரங்கள் குறைவு. கொள்கைப் பரவலும் அன்றாட மேலாண்மையும் பரிசுக் குழு ஆராயும் விஷயங்களில் அடங்குவதால், சென்னை, ஓசூர் வட்டாரத்து உதிரிபாகத் தொழிலில் பாலிசி டிப்ளாய்மென்ட், டி.டபிள்யூ.எம்., டி.க்யூ.எம். (முழுமைத் தர மேலாண்மை) ஆகியவை அன்றாடப் பேச்சில் கலந்துவிட்டன.

எண் மட்டும் இறங்கினால்

டெமிங் இலக்கு எண்களுக்கு எதிரானவர். அவருடைய 14 கோட்பாடுகளில் ஒன்று, வேலைத்தலத்தில் எண் ஒதுக்கீடுகளையும் இலக்கு வழி மேலாண்மையையும் ஒழித்துவிடச் சொல்கிறது. வழி சொல்லாமல் எண்ணை மட்டும் கொடுத்தால் ஆட்கள் எண்ணைத்தான் தயாரிப்பார்கள் என்பது அவர் கவலை. இலக்குகளைப் பரப்பும் நிறுவனங்களுக்கு அவர் பெயரிலேயே பரிசு போகிறது என்பது வேடிக்கைதான். வழியையும் சேர்த்து அனுப்பு என்ற விதிதான் ஹோஷினை அவருடைய குற்றச்சாட்டிலிருந்து காப்பாற்றுகிறது.

அவர் கவலைப்பட்டது எவ்வளவு தூரம் போகும் என்பதை அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி காட்டியது. ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் எட்டுக் கணக்குகள், சேவைகள் என்பது அதன் பெரிய இலக்கு. அது கிளைக்கு, பிறகு ஊழியருக்கு, பிறகு நாளுக்கு என்று சுத்தமாகப் பிரிக்கப்பட்டது. இன்று எட்டாத எண்ணிக்கை நாளைய கணக்கில் ஏறும் என்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் தொடுத்த வழக்கு குற்றம்சாட்டியது. பிரிப்பதில் குறை ஒன்றும் இல்லை. எட்டாவது கணக்கை வாடிக்கையாளர் எதற்காகத் திறக்க வேண்டும் என்பதற்கு மட்டும் பதில் இல்லை. ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகளைத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் வங்கிக்கு மொத்தம் 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. சுமார் 5,300 பேர் வேலை இழந்தது வெளியே வந்தது. தலைமை நிர்வாகி ஜான் ஸ்டம்ப் அடுத்த மாதமே பதவி விலகினார். கீழிருந்து 'இது முடியாது' என்று திருப்பி அனுப்ப வழி இருந்திருந்தால், அந்தச் செய்தி பல ஆண்டுகளுக்கு முன்பே மேலே போயிருக்கும்.

தொடர்புடைய முறைகளும் குறைகளும்

இன்டெல் நிறுவனத்தில் ஆண்டி குரோவ் 1970-களில் நடைமுறைப்படுத்திய ஓ.கே.ஆர். முறையை, அவரிடம் வேலை பார்த்த ஜான் டோர் 1999-இல் கூகுளுக்குக் கொண்டுசென்றார். நோக்கம் ஒன்று, அதை அளக்கும் விளைவுகள் சில, காலாண்டுக்கு ஒருமுறை மதிப்பெண் என்பது அதன் அமைப்பு. அது காலாண்டோடு நின்றுவிடுகிறது. அன்றாடத்தைக் குழுவே பார்த்துக்கொள்ளும். மென்பொருள் எழுதும் குழுவுக்கு அது போதுமானது. மணி தோறும் உலோகம் ஊற்றும் இடத்துக்குக் காணாது.

ஹோஷின் கான்ரியின் பெரிய நோய் காகிதம். ஜப்பானுக்கு வெளியே டெமிங் பரிசை முதலில் பெற்ற ஃபுளோரிடா பவர் அண்ட் லைட் மின் நிறுவனம் 1989-இல் அதை வாங்கிய கையோடு, புதிய தலைவரின் கீழ், தன் தரப் பிரிவைப் பெருமளவு குறைத்துவிட்டது. படிவங்களும் அறிக்கைகளும் வேலையைவிடப் பெரிதாகிவிட்டன என்ற முணுமுணுப்பு ஊழியர்களிடையே எழுந்திருந்தது. இலக்கு, வழி, பொறுப்பு எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாக எழுதும் எக்ஸ் மேட்ரிக்ஸ் படிவமும் இப்போது அந்த நிலைக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது. பல அலுவலகங்களில் மார்ச் மாதம் அதை நிரப்பி, அடுத்த மார்ச்சில் திறக்கிறார்கள்.

பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அந்தப் படிவம் தேவையே இல்லை. இந்த ஆண்டு மாற்ற வேண்டியது ஒன்று, அதற்கு இந்த மாதம் கண்டுபிடித்த காரணம் இரண்டு, அவற்றை இன்று பார்க்க வேண்டிய நேரம், பார்ப்பவர் பெயர் என்று நான்கு வரி எழுத ஒரு கரும்பலகை போதும். முதல் வரியை முதலாளி எழுதலாம். மற்ற மூன்றையும் மெஷினில் நிற்பவரைக் கேட்காமல் எழுத முடியாது.