எண்கோள் கூட்டமும் பலனுரையும்

1962 பிப்ரவரி 3 முதல் 5 வரை ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, கேது ஆகிய எட்டும் மகர இராசியில் கூடின. 'அஷ்டகிரகச் சேர்க்கை' எனப்பெற்ற இந்நிகழ்வைப் பேரழிவின் முன்னறிவிப்பு எனச் சோதிடர் பலர் உரைத்தனர். நாட்டின் பல பகுதிகளில் வேள்விகள் நடந்தன, பயணங்கள் தள்ளிவைக்கப்பட்டன. தை அமாவாசையில் நியூகினியில் ஞாயிறு முழுதும் மறைந்தது. உலகம் அழியவில்லை.

சோதிட நூல்கள் கோட்கூட்டத்திற்கு அழிவு என்னும் ஒரு பொருளை மட்டும் கூறவில்லை. ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரரின் பிருகத் சம்கிதை, கோள்களின் நெருக்கத்தைப் போர் எனக் கொண்டு நாட்டுப் பலன் கூறுகின்றது. அவரே இயற்றிய பிருகத் சாதகமோ, நான்கோ அதற்கு மேற்பட்டனவோ ஓரிடத்தில் கூடியிருக்கப் பிறந்தார்க்குத் துறவைக் கூறுகின்றது. மேலும், மகரத்தில் செவ்வாய் உச்சம், வியாழன் நீசம், சனிக்கோ அது சொந்த வீடு. இவற்றுள் எதனை முதன்மையாகக் கொள்வது என்பதைப் பொறுத்துப் பலன் மாறும்.

அவ்வாண்டு அக்டோபர் 20இல் சீனப் போர் மூண்டது. அதனையே அக்கூட்டத்தின் பலன் என்றாரும் உளர். பாட்டின் பின் எழும் உரை போன்று, நிகழ்ச்சியின் பின் எழுந்த பொருள் அது. ஆயின் நல்லுரை பாட்டை விளக்கும். இவ்வுரையோ முன்னைய கணிப்பின் பிழையை மறைத்தது.