நீச்சல் பழகுவோருக்கு: கை வீச்சுக்கு முன் மூச்சு

நீச்சல் பழகத் தொடங்குவோர் பெரும்பாலும் நீருக்குள் மூச்சை அடக்கிக்கொள்வதால் விரைவில் களைப்படைகின்றனர். முகம் நீரில் இருக்கும்போது மூக்காலும் வாயாலும் மெதுவாக மூச்சை வெளிவிடுங்கள். மூச்சிழுக்கத் தலையை உயர்த்தினால் இடுப்பும் கால்களும் தாழ்ந்துவிடும். உடலைச் சற்றே சாய்த்துத் தலையைப் பக்கவாட்டில் திருப்புங்கள். மல்லாந்து மிதக்கக் கற்ற பின்னரே கை வீச்சைப் பழகுங்கள். களைப்புற்ற வேளையில் அவ்வாறு மிதந்து இளைப்பாறலாம்.

மூழ்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சிழுப்பதையும் மூச்சடக்கும் போட்டிகளையும் தவிருங்கள். நீருக்குள் மயக்கம் ஏற்படலாம். வலிப்பு, இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் முதலில் மருத்துவரின் ஆலோசனையைப் பெற வேண்டும்.

பராமரிப்பாளர்கள் பழகும் குழந்தைக்குக் கையெட்டும் தொலைவிலேயே இருக்க வேண்டும். காற்றடைத்த டியூப் உங்கள் கண்காணிப்புக்கு ஈடாகாது.